மனித உரிமை ஆணையங்களுக்கு உலகத் தகுதி: ஜெனீவாவும் தாமிரபரணிக் கரையும்

அரசின் சட்டத்தால் பிறந்து, அரசின் பணத்தில் இயங்கி, அந்த அரசின் தவறுகளையே விசாரிக்க வேண்டிய அமைப்பு தேசிய மனித உரிமை ஆணையம். பிறப்பிலேயே உள்ள இந்த முரணை ஒவ்வொரு நாட்டு ஆணையமும் எவ்வளவு தூரம் கடந்திருக்கிறது என்று ஆராய்ந்து தகுதி வழங்கும் ஏற்பாட்டுக்குப் பன்னாட்டு அங்கீகாரம் என்று பெயர். தகுதிகள் இரண்டு. பாரிஸ் கோட்பாடுகளுக்கு முழுமையாக இணங்கும் ஆணையத்துக்கு ‘ஏ’, ஓரளவே இணங்குவதற்கு ‘பி’. இந்தியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் ‘ஏ’ தகுதி பெற்றது. அதை ‘பி’ தகுதிக்கு இறக்கலாம் என்று 2025 மார்ச்சில் ஜெனீவாவில் கூடிய அங்கீகாரத் துணைக்குழு பரிந்துரைத்தது.

பாரிஸ் கோட்பாடுகள் உருவானது 1991 அக்டோபரில் பாரிஸ் நகரில் நடந்த ஒரு பயிலரங்கில். 1993 டிசம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 48/134 எண்ணுள்ள தீர்மானத்தின் வழியே அவற்றை ஏற்றது. சட்டத்தில் வேரூன்றிய பரந்த அதிகார வரம்பு, சமூகத்தின் பல பிரிவினருக்கும் இடம் தரும் உறுப்பினர் அமைப்பு, அரசின் கைப்பிடிக்குள் அடங்காத நிதி, உறுப்பினர்களுக்கு உறுதியான பதவிக்காலம் ஆகியவை அவற்றின் சாரம். சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும் ஆவணம் அது. ஒவ்வொரு வரிக்கும் நடைமுறையில் என்ன பொருள் என்பதை ‘பொதுக் கருத்துரைகள்’ என்ற பெயரில் துணைக்குழுவே பின்னாளில் விரித்து எழுதியது. இன்று எந்த ஆணையமும் அளக்கப்படுவது பெரும்பாலும் இந்த விரிவுரைகளை வைத்துத்தான்.

தகுதி வழங்குவது ஐ.நா. சபை அல்ல. ஆணையங்கள் தாங்களே சேர்ந்து 1993இல் அமைத்த பன்னாட்டு ஒருங்கிணைப்புக் குழு, 2016இல் தேசிய மனித உரிமை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு என்று பெயர் மாறியது. அதன் அங்கீகாரத் துணைக்குழுவில் ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், ஆசிய-பசிபிக், ஐரோப்பா ஆகிய நான்கு வட்டாரங்களிலிருந்தும் தலா ஓர் ‘ஏ’ தகுதி ஆணையம் இடம்பெறும். செயலகப் பணியை ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர் அலுவலகம் செய்கிறது. துணைக்குழு ஆண்டுக்கு இருமுறை கூடும். ஒவ்வோர் ஆணையமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் சட்டம், வரவுசெலவு, பணியாளர் பட்டியல், ஆண்டறிக்கை ஆகியவற்றுடன் மறுஆய்வுக்கு வர வேண்டும். குடிமைச் சமூக அமைப்புகள் தனியே அறிக்கை அனுப்பலாம். ஆய்வின் முடிவில் தகுதியை உறுதிப்படுத்தலாம், முடிவைத் தள்ளிவைக்கலாம், தகுதியிறக்கம் பரிந்துரைக்கலாம். தகுதியிறக்கப் பரிந்துரை உடனே நடப்புக்கு வருவதில்லை. சட்டத்தையும் நடைமுறையையும் சீர்செய்துகொள்ள ஓராண்டு அவகாசம் உண்டு. அதுவரை பழைய தகுதி தொடரும். இந்த ஓராண்டில்தான் முழு முறையின் பலமும் இருக்கிறது என்பதை மலேசிய அனுபவம் காட்டுகிறது. அது பின்னால்.

‘ஏ’ தகுதியால் கிடைப்பவை கைக்கு எட்டும் உரிமைகள். ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் அரசிடமிருந்து தனித்து, தன் பெயரில் பேசலாம், ஆவணங்கள் அளிக்கலாம், உலகக் கூட்டமைப்பில் வாக்களிக்கலாம், பொறுப்புக்கு வரலாம். ‘பி’ தகுதி ஆணையம் கூட்டங்களில் கலந்துகொள்ளலாம், வாக்கு கிடையாது. உலகெங்கும் ‘ஏ’ தகுதியில் இருப்பவை சுமார் 90. அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் சீனாவுக்கும் அப்படி ஓர் ஆணையமே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

இந்தியாவில் 1993 செப்டம்பர் 28 அன்று பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தின் கீழ் அவ்வாண்டு அக்டோபர் 12 அன்று தேசிய ஆணையம் உருவானது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அந்த அவசரச் சட்டம் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டமாக நிலைபெற்றது. பஞ்சாபும் காஷ்மீரும் உலகின் கண்ணில் இருந்த காலம் அது. வெளியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதிலாக அமைக்கப்பட்ட ஆணையம் என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது. ஆனாலும் ஆணையம் அந்த ஐயத்தைப் பல தருணங்களில் பொய்யாக்கியது. காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1993 டிசம்பரிலேயே அறிவுறுத்தியது. பிரேதப் பரிசோதனையைக் காணொளியாகப் பதிய வேண்டும் என்று 1995இல் கேட்டது. குஜராத் கலவரத்துக்குப் பின் நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான ஆணையம் உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடியது. அந்த ஆணையம் ‘ஏ’ தகுதிக்கு உரியதே என்பதில் அன்று பெரிய விவாதம் எழவில்லை. 2006, 2011 மறுஆய்வுகளிலும் தகுதி நீடித்தது.

2016இல் முதல் தடை வந்தது. முடிவு ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு, 2017 நவம்பரில் மீண்டும் ‘ஏ’ வழங்கப்பட்டது. நாடாளுமன்றம் 2019இல் சட்டத்தைத் திருத்தியது. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி மட்டுமே தலைவராகலாம் என்றிருந்தது, உச்ச நீதிமன்றத்தின் எந்த முன்னாள் நீதிபதியும் ஆகலாம் என்றானது. மனித உரிமை அனுபவம் உள்ள உறுப்பினர்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து மூன்றாகி, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பதவிக்காலமோ ஐந்தாண்டிலிருந்து மூன்றாண்டாகச் சுருங்கியது. மறுநியமனத்துக்கும் வழி வைக்கப்பட்டது. முதல் இரண்டு மாற்றங்கள் ஜெனீவா கேட்ட திசையில் சென்றவை. மூன்றாவது எதிர்த்திசையில் சென்றது. மறுநியமனத்தை எதிர்பார்த்திருப்பவர் நியமிப்பவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. 2023இலும் 2024இலும் துணைக்குழு முடிவைத் தள்ளிவைத்தது. அடுத்து வந்ததுதான் 2025ஆம் ஆண்டின் பரிந்துரை. உறுப்பினர் தேர்வு, உறுப்பினர்களிடையே பன்மை, குடிமைச் சமூகத்துடனான உறவு, உரிமை மீறல்களை எதிர்கொள்ளும் விதம் என்று குறைகள் பல சொல்லப்பட்டன. இவற்றுள் மிகப் பழையதும் மிகக் கடினமானதும் ஒன்று உண்டு: விசாரணையைச் செய்வது போலீஸ்.

சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவுக்குக் காவல்துறைத் தலைமை இயக்குநர் தகுதிக்குக் குறையாத அதிகாரி தலைமை ஏற்க வேண்டும். அவரும் அவருக்குக் கீழே இருப்போரும் பெரும்பாலும் பிற காவல் அமைப்புகளிலிருந்து அயற்பணியில் வருபவர்கள். காலம் முடிந்ததும் தாய்த்துறைக்குத் திரும்புபவர்கள். நிர்வாகத் தலைவரான பொதுச்செயலாளரும் மத்திய அரசின் செயலாளர் நிலை அதிகாரி. ஆணையத்தின் தரப்பு வாதமும் உண்டு. புலனாய்வு ஒரு தொழில்திறன். முதல் தகவல் அறிக்கையையும் நிலையப் பதிவேட்டையும் படித்து அதில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்க அந்த உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர் வேண்டும். மறுக்க முடியாத வாதம்தான். ஆனால் ஆணையத்துக்கு வரும் புகார்களில் பெரும்பங்கு போலீஸ் மீதே இருக்கும்போது, புகார் கொடுத்தவர் வாக்குமூலம் தர வரும் அறையில் எதிரே உட்கார்ந்திருப்பவரும் போலீஸ் அதிகாரியாக இருப்பது என்ன விளைவைத் தரும் என்பதற்கு இந்த வாதத்தில் விடை இல்லை.

தாமிரபரணிச் சமவெளியில் இதற்கு அண்மைக்கால உதாரணங்கள் இருக்கின்றன. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் காவல் நிலையங்களுக்கு விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்களை ஓர் உதவிக் காவல் கண்காணிப்பாளர் பிடுங்கினார் என்ற குற்றச்சாட்டு 2023 மார்ச்சில் வெளியே வந்தது. மாநில மனித உரிமை ஆணையம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் சார்பில் விசாரிக்க அம்பாசமுத்திரம் வந்தவர்கள் அதன் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த காவல் அதிகாரிகள். மாநில ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவு காவல்துறைத் தலைவர், அதாவது ஐ.ஜி., தகுதிக்குக் குறையாதவரின் கீழ் இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு. இன்னொரு பக்கம் சேரன்மகாதேவி சார் ஆட்சியர் விசாரித்தார், பின்னர் ஐ.ஏ.எஸ். அதிகாரி பெ.அமுதா தலைமையில் உயர்மட்ட விசாரணை நடந்தது. குற்ற வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குச் சென்று திருநெல்வேலி நீதிமன்றத்துக்கு வந்தது. இந்த நான்கு வழிகளில் ஆட்சிப்பணி அதிகாரிகளின் விசாரணை இரண்டு மட்டுமே போலீஸ் கையில் இல்லாதவை என்பதைக் கவனிக்கலாம். பாதிக்கப்பட்டவர்களில் சிலர் விசாரணைக்கு வரத் தயங்கியதும் சிலர் சொன்னதை மாற்றிச் சொன்னதும் அப்போது செய்திகளாயின. விசாரிப்பவர் யார் என்ற கேள்வி வெறும் கோட்பாட்டுக் கேள்வி அல்ல.

தூத்துக்குடி இன்னும் தெளிவான ஒப்பீட்டைத் தருகிறது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான பேரணியில் 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் அதைத் தொடர்ந்த நிகழ்வுகளிலும் 13 பேர் இறந்தனர். தேசிய ஆணையம் உடனே தாமாக முன்வந்து வழக்குப் பதிந்து, தன் புலனாய்வுப் பிரிவின் குழுவை அனுப்பியது. அவ்வாண்டு அக்டோபரிலேயே, இழப்பீடு வழங்கப்பட்டதையும் மாநில அரசு எடுத்த நடவடிக்கைகளையும் கருதி, வழக்கை முடித்துவைத்தது. அதே நிகழ்வை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. அது காவல்துறையின் செயலைக் கடுமையாகக் குறைகூறி, அதிகாரிகள் மீது நடவடிக்கை கோரியது. ஒரே நாள், ஒரே ஊர், ஒரே சாட்சிகள். ஐந்து மாதத்தில் ஒரு முடிவு, நான்கரை ஆண்டில் வேறொரு முடிவு. தேசிய ஆணையம் வழக்கை மூடியதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்கு சென்றது. ஜெனீவாவுக்குச் சென்ற குடிமைச் சமூக அறிக்கைகள் எழுப்பும் கேள்விகளுக்கு இத்தகைய வழக்குகளே தசையும் எலும்பும்.

மாஞ்சோலை வேறு வகை. அந்தத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தைப் போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தது. தாமிரபரணிக்குள் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் இறந்தனர்; கைக்குழந்தை ஒன்றும் அதில் அடக்கம். மாநில அரசு நீதிபதி எஸ்.மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இங்கே நினைவுக்கு வர வேண்டும். மாநில ஆணையமோ சட்டப்படி அமைந்த வேறோர் ஆணையமோ விசாரிக்கும் ஒன்றைத் தேசிய ஆணையம் விசாரிக்கக் கூடாது. நிகழ்வு நடந்து ஓராண்டு கடந்துவிட்டாலும் கூடாது. ஆக, ஒரு விசாரணை ஆணையத்தை அறிவிப்பதன் மூலமே ஒரு மாநில அரசால் தேசிய ஆணையத்தின் கதவைச் சாத்த முடியும். தமிழ்நாட்டில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாளே விசாரணை ஆணையம் அறிவிக்கப்படுவது வழக்கம். அதற்கு இப்படி ஒரு பக்கவிளைவும் இருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கால் நூற்றாண்டு கழித்து, பாம்பே பர்மா நிறுவனத்தின் 99 ஆண்டுக் குத்தகை முடியும் முன்னரே மாஞ்சோலைத் தொழிலாளர்கள் மலையிலிருந்து வெளியேற்றப்படுவதாக எழுந்த புகாரின்மேல் தேசிய ஆணையம் 2024 செப்டம்பரில் தன் புலனாய்வுக் குழுவை அனுப்பியது. நில உரிமை, குடியிருப்பு, வாழ்வாதாரம், வனச்சட்டம் என்று விரியும் அந்தச் சிக்கலை ஆராய வந்தவர்களும் காவல் அதிகாரிகளே. காவலில் நடந்த சித்திரவதைக்காவது போலீஸ் அனுபவம் உதவும் என்று வாதிடலாம். தோட்டக் குத்தகைக்கு அது எதற்கு என்பது விளங்கவில்லை.

இத்தனைக்கும் நடுவே மறந்துபோகும் ஓர் உண்மை உண்டு. ஜெனீவாவின் தகுதி டெல்லியில் உள்ள ஆணையத்துக்கு மட்டுமே. 1997 ஏப்ரல் 17 முதல் சென்னையில் இயங்கும் தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையத்தை எந்தப் பன்னாட்டு அமைப்பும் ஆய்வு செய்வதில்லை. திருநெல்வேலி மாநகராட்சியின் மண்டலங்களில் ஒன்றான மேலப்பாளையத்தில் ஒருவரைக் காவல் நிலையத்தில் அடித்துவிட்டார்கள் என்றால் அந்தப் புகார் நடைமுறையில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் சென்னைதான். புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, தமிழில் எழுதினால் போதும். டெல்லிக்கு எழுதினாலும் அப்படித்தான். மாநில ஆணையம் திருநெல்வேலியிலும் முகாம் விசாரணை நடத்துவதுண்டு. அணுகுவது எளிது; அடுத்த கட்டம்தான் நீளம்.

மேலப்பாளையத்தின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இன்னொரு வரம்பும் தெரியும். கைத்தறியும் பீடித் தொழிலும் அந்த ஊரின் பழைய பிழைப்பு; பீடி சுற்றுவோரில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடி வேலை செய்யும் பெண்கள். கூலிக் குறைப்பு, வருங்கால வைப்புநிதி போன்ற அவர்களுடைய அன்றாட முறையீடுகளைத் தொழில் தகராறு என்ற வகைக்குள் வைத்துத் தொடக்கத்திலேயே தள்ளிவிட ஆணையத்தின் நடைமுறை விதிகள் இடம் தருகின்றன. இயன்ற அளவு பரந்த அதிகார வரம்பு என்று பாரிஸ் கோட்பாடுகள் சொல்வதற்கும் இதற்கும் இடைவெளி பெரிது. பன்மை பற்றிய கேள்வியும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இப்படிப்பட்ட ஊரிலிருந்து பார்க்கும்போது வேறு எடை பெறுகிறது. சிறுபான்மையினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கான தேசிய ஆணையங்களின் தலைவர்கள் பதவி வழியாகத் தேசிய ஆணையத்தின் உறுப்பினர்கள் என்று சட்டம் சொல்கிறது; எனவே பன்மை இருக்கிறது என்பது இந்தியாவின் பதில். அவர்கள் முழு ஆணையக் கூட்டங்களுக்கு வந்து போகிறவர்கள், புகார்களின் மேல் முடிவெடுக்கும் அன்றாடப் பணியில் இல்லாதவர்கள் என்பது மறுதரப்பின் வாதம்.

பரிந்துரைக்கு அப்பால் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்ற பொதுவான கருத்தைத் தமிழ்நாட்டில் ஒரு தீர்ப்பு மாற்றியது. மாநில ஆணையம் 18ஆம் பிரிவின் கீழ் அளிக்கும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு 2021 பிப்ரவரி 5 அன்று தீர்ப்பளித்தது. அரசுக்கு உடன்பாடு இல்லையென்றால் நீதிமன்றத்துக்குப் போகலாமே தவிர, பரிந்துரையைக் கிடப்பில் போட முடியாது. ஜெனீவாவின் எந்த மதிப்பீட்டையும்விட இந்தத் தீர்ப்பு ஒரு நெல்லைக்காரருக்குக் கூடுதல் பயன் தந்திருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

உறுப்பினர் தேர்வுக்குப் பிரதமர், மக்களவைத் தலைவர், உள்துறை அமைச்சர், மாநிலங்களவைத் துணைத் தலைவர், இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்கள் என்று ஆறு பேர் குழு இருக்கிறது. காகிதத்தில் சமநிலை தெரிந்தாலும் கணக்கில் ஆளும் தரப்பே பெரும்பான்மை. காலியிடத்தை விளம்பரப்படுத்தி, விண்ணப்பம் பெற்று, தகுதி அளவுகோலை வெளிப்படையாக வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பொதுக் கருத்துரைகளின் எதிர்பார்ப்பு. 2024 ஜூன் தொடக்கம் முதல் காலியாக இருந்த தலைவர் பதவிக்கு அவ்வாண்டு டிசம்பரில் மன்னார்குடியில் பிறந்தவரான முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் நியமிக்கப்பட்டபோது, தேர்வு நடந்த முறையை எதிர்த்து எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவரும் மறுப்புக் குறிப்பு எழுதினர். அந்த மறுப்பு தனிநபரைப் பற்றியதல்ல, கலந்தாலோசனை இல்லாத நடைமுறையைப் பற்றியது.

ஜெனீவாவுக்கு இந்தியாவிலிருந்து செல்லும் மாற்று அறிக்கைகளில் மதுரையின் பங்கு கணிசமானது. அங்கே 1995 முதல் இயங்கும் மக்கள் கண்காணிப்பகமும், தேசிய, மாநில மனித உரிமை நிறுவனங்களோடு பணியாற்றுவோரின் அகில இந்திய வலைப்பின்னலும் ஆணையத்தின் செயல்பாட்டை ஆண்டுக்கணக்கில் ஆவணப்படுத்தி வந்துள்ளன. நாட்டின் பெயரைக் கெடுப்பதாக அவர்கள் மேல் குற்றச்சாட்டு வருவதுண்டு. ஆனால் ஆணையத்தின் அறிக்கையை மட்டும் படித்துத் தகுதி வழங்குவதென்றால் அந்தத் தகுதிக்கு மதிப்பே இருக்காது.

பிற ஆசிய நாடுகளின் அனுபவம் இரண்டு பாடங்களைத் தருகிறது. இலங்கை மனித உரிமை ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அரசியலமைப்புப் பேரவையைத் தவிர்த்து ஜனாதிபதி நேரடியாக உறுப்பினர்களை நியமித்ததை அடுத்து 2007இல் அது ‘பி’ தகுதிக்கு இறங்கியது. உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டம் முழுவதையும், தமிழர்களுக்கு அந்த ஆணைக்குழு மிகவும் தேவைப்பட்ட காலத்தை, அது ‘பி’ தகுதியிலேயே கழித்தது. தகுதியிறக்கம் கொழும்பின் போக்கை மாற்றவில்லை. 2015இல் 19ஆம் திருத்தம் பேரவையை மீட்டபின், தீபிகா உடகம தலைமையில் ஆணைக்குழு புதுத் தெம்பு பெற்று 2018இல் ‘ஏ’ தகுதியை மீண்டும் அடைந்தது. மலேசியாவில் நேர்மாறு. அதன் ‘சுகாகாம்’ ஆணையத்துக்கு 2008இல் தகுதியிறக்க எச்சரிக்கை வந்தது. ஓராண்டுக்குள் அரசு சட்டத்தைத் திருத்தி, நியமனத்துக்குக் குழுவும் நீண்ட பதவிக்காலமும் தந்தது. ‘ஏ’ தகுதி தப்பியது. எச்சரிக்கை பலிப்பதும் பலிக்காததும் தகுதியை இழப்பதால் தனக்கு என்ன நட்டம் என்று அந்தந்த அரசு போடும் கணக்கைப் பொறுத்திருக்கிறது.

இந்த முறையிலும் குறைகள் உண்டு. மதிப்பிடுவோரும் மதிப்பிடப்படுவோரும் ஒரே வட்டத்தினர். நால்வர் குழு நூற்றுக்கு மேற்பட்ட ஆணையங்களை முக்கியமாகக் காகிதங்களைக் கொண்டும் குறுகிய நேர்காணலைக் கொண்டும் அளக்கிறது. சட்டத்தில் இருப்பதைச் சரிபார்ப்பது அதற்கு எளிது; ஒரு புகார் எப்படி முடிந்தது என்று தேடிப் பார்ப்பது கடினம். நல்ல சட்டமும் மந்தமான செயல்பாடும் கொண்ட ஆணையம் தப்பிவிடலாம். இந்தியாவின் சிக்கல் அதுவல்ல. சட்டத்திலேயே உள்ள சில வாசகங்கள் அதற்குத் தடையாக நிற்கின்றன.

எனவே 2025ஆம் ஆண்டுப் பரிந்துரையுடன் கிடைத்த ஓராண்டு அவகாசத்தில் செய்யக்கூடியவை இரு கூறாகப் பிரிகின்றன. உறுப்பினர் பதவிகளுக்கு விளம்பரம் செய்வது, காவல்துறைக்கு வெளியே உள்ள வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், சமூகப் பணியாளர்களைப் புலனாய்வுக் குழுக்களில் சேர்ப்பது, அரசு சாரா அமைப்புகளுக்கான மையக் குழுவை ஒழுங்காகக் கூட்டுவது, விசாரணை அறிக்கைகளைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தருவது ஆகியவற்றுக்குச் சட்டத் திருத்தம் வேண்டாம். அரசும் ஆணையமும் மனம் வைத்தால் போதும். 11ஆம் பிரிவின் காவல் தலைமை, 36ஆம் பிரிவின் ஓராண்டு வரம்பு, ஆயுதப் படையினர் மீதான புகாரில் மத்திய அரசின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவதோடு நிறுத்திவிடும் 19ஆம் பிரிவு, மறுநியமனத்துக்கு இடம் தரும் மூன்றாண்டுப் பதவிக்காலம் ஆகியவற்றை மாற்ற நாடாளுமன்றம்தான் முன்வர வேண்டும். 19ஆம், 36ஆம் பிரிவுகளின் கட்டுகளைத் தளர்த்துமாறு, ஆணையமே அமைத்த நீதிபதி ஏ.எம்.அகமதி குழு 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே சொல்லியிருந்தது. 27ஆம் பிரிவும் உடன் மாறாதவரை, டெல்லியின் தகுதி ‘ஏ’யாக நீடித்தாலும் அம்பாசமுத்திரத்துக்குச் சென்னையிலிருந்து விசாரிக்க வருபவர் காவல் அதிகாரியாகவே இருப்பார்.